எதை விட்டு விலையைக் குறைத்தார்கள்?
நோவேஷன் சர்க்கிட் டிராக்ஸ்: ஒரு மதிப்பீடு

மலிவான இசைக்கருவியை மதிப்பிடுகிறவர்கள் அதில் என்னென்ன இருக்கின்றன என்று பட்டியல் போடுவார்கள். நான் முதலில் தேடுவது அதில் இல்லாதவற்றை. விலை தானாகக் குறைவதில்லை. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று யாரோ ஒரு வடிவமைப்பாளர் உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறார். அந்தக் கத்தி இசைக்கு அவசியமில்லாத ஒன்றின்மேல் விழுந்திருந்தால் கருவி பல காலம் வாழும். இசைக்கு வேண்டிய ஒன்றின்மேல் விழுந்திருந்தால், பாதி விலைக்குக் கிடைத்தாலும் அது அலமாரியில்தான் உறங்கும்.

1978இல் இங்கிலாந்தில் வெளிவந்த வாஸ்ப் என்ற சிந்தசைசர் இதற்கு நல்ல சான்று. கறுப்பும் மஞ்சளுமாக ஒரு பிளாஸ்டிக் பெட்டி. விலை 200 பவுண்டுக்குள். மற்ற சிந்தசைசர்கள் அதைப்போலப் பல மடங்கு விலை விற்ற காலம் அது. அதை வடிவமைத்த கிறிஸ் ஹக்கெட் அசையும் விசைகளை அடியோடு விட்டுவிட்டார். தட்டையான தகட்டில் விசைப்பலகையின் படம்தான் இருக்கும். விரல் பட்டால் ஒலிக்கும். வாசிக்கச் சிரமம். ஆனால் ஒலியைப் பிறப்பிக்கும் சுற்றிலோ, அதைச் செதுக்கும் ஃபில்டரிலோ அவர் சிக்கனம் பிடிக்கவில்லை. அதனால்தான் இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள். ஹக்கெட் பின்னாளில் நோவேஷன் நிறுவனத்தோடு சேர்ந்து வேலை செய்தார். 1992இல் தொடங்கி 2004இல் ஃபோகஸ்ரைட்டுக்குக் கைமாறிய அந்த நிறுவனம்தான் 2015இல் சர்க்கிட் என்ற க்ரூவ்பாக்ஸையும், 2021இல் அதன் அடுத்த வடிவமான சர்க்கிட் டிராக்ஸையும் கொண்டுவந்தது.

க்ரூவ்பாக்ஸ் என்றால் தாளம், பாஸ், மெட்டு ஆகியவற்றையெல்லாம் கணினியின் துணையில்லாமல் ஒரே இடத்தில் கோத்து ஓடவிடும் பெட்டி. ரோலண்டு நிறுவனம் 1996இல் தன் எம்சி-303க்கு இந்தப் பெயரைச் சூட்டியது. பிறகு அந்த வகைக்கே அது பெயராகிவிட்டது. சர்க்கிட் டிராக்ஸில் இரண்டு சிந்தசைசர் தடங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரே நேரத்தில் ஆறு சுரங்கள்வரை ஒலிக்கும். நான்கு டிரம் தடங்கள், வெளிக் கருவிகளை ஓட்ட இரண்டு மிடி தடங்கள். மேலே அழுத்தத்தின் வலிமையை உணரும் 32 பேட்கள், எட்டு மேக்ரோ குமிழ்கள், ஒரு பெரிய ஃபில்டர் குமிழ். வெளிவந்தபோது சுமார் 400 அமெரிக்க டாலர். இந்தியாவுக்கு வந்து சேரும்போது வரியும் போக்குவரத்தும் ஏறிக்கொள்ளும். ஆகவே மலிவு என்ற சொல்லை இங்கே ஒப்பீட்டளவில்தான் சொல்கிறேன்.

இதில் முதலில் வெட்டப்பட்டது திரை. சிறிய எண்களைக் காட்டும் திரைகூடக் கிடையாது. நான் பார்த்தவரை இந்தக் கருவியில் எடுக்கப்பட்ட மிகச் சரியான முடிவு இதுதான்.

டெம்போவை மாற்றினால் அந்த எண் 32 பேட்களின்மேலேயே பெரிய எழுத்தில் ஒளிர்கிறது. ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு நிறம். சிந்தசைசர் தடத்தைத் தேர்ந்தெடுத்தால் மேல் இரண்டு வரிசைகள் வாசிக்கும் பலகையாகின்றன. கீழ் இரண்டு வரிசைகள் பதினாறு ஸ்டெப்களாக, அதாவது தாளத்தின் காலக் கட்டங்களாக, ஆகின்றன. ஒரு ஸ்டெப்பை அழுத்திப் பிடித்தால் அதில் எந்தச் சுரம் இருக்கிறதோ அது மேலே ஒளிரும். அங்கேயே வேறு சுரத்தைத் தொட்டால் அதுவும் சேரும். பார்ப்பதும் வாசிப்பதும் திருத்துவதும் ஒரே பரப்பில் நடக்கின்றன. கணினியில் இசை அமைப்பவர்களுக்குத் தெரியும், கண் எவ்வளவு விரைவில் காதின் வேலையைப் பறித்துக்கொள்ளும் என்று. அலைவடிவத்தைப் பார்த்து "இங்கே தள்ளி நிற்கிறது" என்று நகர்த்துகிறோம். கேட்டுப் பார்த்திருந்தால் அதை அப்படியே விட்டிருப்போம். திரை போனதும் காதுக்குத் திரும்பவும் பொறுப்பு வருகிறது. பத்து நிமிடத்தில் ஒரு தாளக்கட்டும் பாஸும் மெட்டும் உருவாகிவிடுவதை இந்தப் பெட்டியைத் தொட்ட யாரும் ஒப்புக்கொள்வார்கள்.

இதற்கும் ஒரு விலை இருக்கிறது. 128 ஒலிகள் நான்கு பக்கங்களில், பெயரில்லாத விளக்குகளாக இருக்கின்றன. 64 டிரம் சாம்பிள்களும், அதாவது முன்பே பதிந்த ஒலித்துண்டுகளும், அப்படித்தான். நேற்றுக் கேட்ட அந்த மணியோசை மூன்றாம் பக்கத்திலா, இரண்டாம் பக்கத்திலா என்று நினைவில் வைத்திருக்க வேண்டும். நிறங்களைப் பிரித்தறிய முடியாதவர்களுக்கு இந்தக் கருவி மிகவும் கடினம். திரையை நீக்கிவிட்டு எல்லாத் தகவலையும் நிறத்தின்மேல் ஏற்றியவர்கள் இவர்களைப் பற்றி இன்னும் யோசித்திருக்க வேண்டும். இதை நான் சிறிய குறையாக நினைக்கவில்லை.

அடுத்தது ஸ்கேல்கள். நம் காதுக்கு இது நேரடியாகத் தொடர்புள்ள விஷயம் என்பதால் சற்று நின்று பேச வேண்டும்.

சர்க்கிட்டில் 16 ஸ்கேல்கள் உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பேட்களில் அதற்கு வெளியே உள்ள சுரமே வராது. ஏழு சுர ஸ்கேல் என்றால் எட்டுப் பேட்கள் கொண்ட ஒரு வரிசை, கீழ் ஸட்ஜமத்திலிருந்து மேல் ஸட்ஜமம்வரை கச்சிதமாக நிறைந்துவிடும். கர்நாடக இசை தெரிந்தவர் இந்தப் பட்டியலைப் பார்த்தால் மேளகர்த்தாக்கள் வரிசையாக முகம் காட்டும். மேஜர் சங்கராபரணம், நேச்சுரல் மைனர் நடபைரவி, டோரியன் கரகரப்பிரியா, மிக்ஸொலிடியன் அரிகாம்போதி, ஹார்மோனிக் மைனர் கீரவாணி. ஏறுமுக மெலோடிக் மைனர் கௌரிமனோகரி. ஹங்கேரியன் மைனர் சிம்மேந்திரமத்தியமம். உக்ரேனியன் டோரியன் ஹேமவதி. மைனர் பென்டடானிக் சுத்த தன்யாசியின் சுரங்கள். போதாததற்கு, இந்துஸ்தானியிலிருந்து மார்வா, தோடி என்ற இரண்டும் அந்தப் பெயரிலேயே இருக்கின்றன. தோடியைப் பார்த்ததும் நம் தோடியை எதிர்பார்த்து அழுத்தினால் சுபபந்துவராளியின் சுரங்கள் வரும். நம் தோடிக்கு ஃப்ரிஜியன் பக்கம் போக வேண்டும். மார்வா தாட் நமக்குக் கமனாசிரமம்.

இன்னொன்றும் செய்யலாம். கீரவாணியில் பதிந்த ஒரு மெட்டை ஓடவிட்டுக்கொண்டே ஸ்கேலை மாற்றினால், பதிந்த சுரங்களும் புதிய ஸ்கேலுக்கு நகர்ந்துவிடும். மத்தியமமும் நிஷாதமும் காந்தாரமும் எங்கே எப்படி மாறுகின்றன, அதனால் மெட்டின் குணம் எப்படித் திரும்புகிறது என்பதைக் கேட்டே கற்கலாம். மேளகர்த்தா அமைப்பைப் பழகும் மாணவருக்கு இதைப் போன்ற செவிப்பயிற்சி எளிதில் அமையாது. இதை வடிவமைத்தவர்கள் அந்தப் பயனை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அது அங்கே இருக்கிறது.

ஆனால் சுரங்களின் பட்டியல் ராகமாகிவிடாது. காந்தாரம் அசையாமல் நின்றால் தோடி தோடியாக இருப்பதில்லை. சர்க்கிட்டின் பேட்கள் விரல் எவ்வளவு வேகமாக விழுகிறது என்பதை அறியும். விழுந்த பின் அந்த விரல் என்ன செய்கிறது என்பதை அறியாது. அழுத்திச் சுரத்தை வளைக்க முடியாது, பக்கவாட்டில் இழுக்க முடியாது. பிட்சை வளைக்கும் சக்கரமும் கிடையாது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் தன்மை வேண்டுமென்றால், அந்த ஒலியையே கணினியில் அதற்கென்று அமைத்துக் கொண்டுவர வேண்டும். அப்போதும் கிடைப்பது ஒரே வேகத்தில் சறுக்கும் ஒரு சரிவு. ஒவ்வொரு முறையும் வேறுபடும் கமகம் அதில் வராது. ஏ.ஆர். ரஹ்மான் மேடைகளில் வாசிக்கும் கன்டினியம் போன்ற கருவிகள் விரலின் ஒவ்வொரு அசைவையும் ஒலியாக்குவதற்காகவே பிறந்தவை. அவற்றின் விலையும் அதற்கேற்பப் பல மடங்கு. 400 டாலர் பெட்டியிடம் அதைக் கேட்பது நியாயமில்லை. ஆனால் பட்டியலில் தோடி என்று எழுதியிருப்பதால் ராகம் வாசித்துவிடலாம் என்று எண்ணி இதை வாங்கக்கூடாது.

தாளத்தில் கதை வேறு. சர்க்கிட் டிராக்ஸ் தன் விலையைத் தாண்டி நிற்கும் இடம் இதுதான்.

ரோலண்டின் டிஆர்-808 காலத்திலிருந்து மின்னிசைத் தாளம் பதினாறு கட்டங்களில் வாழ்ந்து வருகிறது. நான்கு அடி, ஒவ்வொன்றிலும் நான்கு. நமக்கு அது சதுஸ்ர நடையில் அரை ஆவர்த்தன ஆதிதாளம். சர்க்கிட் டிராக்ஸும் அதையே அடிப்படையாகக் கொண்டது என்றாலும், ஒரு பேட்டர்ன் 32 ஸ்டெப்வரை போகலாம். எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதை ஒவ்வொரு தடத்துக்கும் தனித்தனியாக வைக்கலாம். ஒரு டிரம் தடத்தை 14 ஸ்டெப்பில் முடித்தால் மிஸ்ரசாபு. 10 என்றால் கண்டசாபு. கிக் டிரம்மை 16இல் விட்டு, மேலே ஒரு சாம்பிளை 14இல் ஓடவிட்டால் இரண்டும் விலகி விலகிப் போய், 112ஆவது ஸ்டெப் முடிந்ததும் சமத்தில் வந்து சேரும். கிக் ஏழு சுற்று, மற்றது எட்டுச் சுற்று. தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்தச் சேர்க்கையின் மகிழ்ச்சி புதிதல்ல. இதை ஒரு நிமிடத்துக்குள் இரண்டு கைகளால் அமைத்துவிட முடிகிறது என்பதுதான் புதிது.

ஒவ்வொரு பேட்டர்னுக்கும் தனி ஓட்ட வேகம் வைக்கலாம். அதில் மூன்றின் பிரிவுகளும் உண்டு. ஆகவே சதுஸ்ரமும் திஸ்ரமும் அருகருகே ஓடும். பேட்டர்ன் பின்னோக்கி ஓடலாம், முன்னும் பின்னும் போய்வரலாம். ஒரு ஸ்டெப் ஒலிக்கும் வாய்ப்பைக் குறைத்து வைத்தால் சுற்றுக்குச் சுற்று அது வந்தும் வராமலும் இருக்கும். இயந்திரத் தாளத்தின் சலிப்பை இந்த ஒரு வசதி பாதியாகக் குறைத்துவிடும்.

எல்லை எங்கே வருகிறது? ஒவ்வொரு ஸ்டெப்பும் ஆறு நுண்பகுதிகளாகப் பிரிகிறது. நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஒரு ஸ்டெப் 125 மில்லிநொடி. ஆறில் ஒரு பங்கு ஏறக்குறைய 21 மில்லிநொடி. கையால் வாசித்துப் பதிந்தாலும், நம் வாசிப்பு இந்த 21 மில்லிநொடிக் கட்டங்களில் ஒன்றில்தான் போய் உட்காரும். நடன இசைக்கு அது போதும். மிருதங்கத்தில் அடிக்குச் சற்றே பின்தங்கி விழும் அந்த நெளிவை இது தோராயமாகத்தான் பிடிக்கும். ஆறு என்ற எண்ணை இரண்டாலும் மூன்றாலும் வகுக்கலாம். ஐந்தால் வகுக்க முடியாது. ஆகவே கண்ட நடையை மட்டும் தனியாக வேண்டுமானால் ஐந்தைந்து ஸ்டெப்பாகப் பேட்டர்னை அமைத்துச் சமாளிக்கலாம். சதுஸ்ர நடை ஒரு தடத்தில் ஓடும்போது இன்னொரு தடத்தில் அதே அடிக்குள் ஐந்து விழ வேண்டும் என்றால் வழியில்லை. நம் தாள மரபிலிருந்து வருகிறவர் முட்டிக்கொள்ளும் முதல் சுவர் இதுவாகத்தான் இருக்கும். மென்பொருளில் சரிசெய்யக்கூடிய குறை என்பதால் கூடுதலாக உறுத்துகிறது.

இனி, இந்தக் கருவியில் என்னை உண்மையாகவே வருத்தும் இடத்துக்கு வருகிறேன்.

உள்ளே இருக்கும் சிந்தசைசர் நோவேஷனின் பழைய நோவா வரிசையின் வழித்தோன்றல். ஆழமானது, பல வகை அலைகள், ஃபில்டர்கள், ஒன்றை ஒன்று அசைக்கும் இணைப்புகள் எல்லாம் உண்டு. ஆனால் வெளியே இருப்பவை எட்டு மேக்ரோ குமிழ்கள்தான். ஒரு ஒலியில் மூன்றாவது குமிழ் எதை மாற்ற வேண்டும் என்பதை அந்த ஒலியை உருவாக்கியவர் முன்பே தீர்மானித்துவிடுகிறார். சில ஒலிகளில் அது ஒரே அளவுருவைத் திருப்பும்; சிலவற்றில் நான்கைச் சேர்த்துத் திருப்பும். உங்களுக்கு அந்த நான்கில் ஒன்று மட்டும் வேண்டுமென்றால், கணினியைத் திறந்து, காம்போனென்ட்ஸ் என்ற மென்பொருளில் இணைத்து, அங்கே திருத்தி, பிறகு பெட்டிக்கு அனுப்ப வேண்டும். கணினி வேண்டாம் என்பதற்காக வாங்கிய கருவி, ஒலியைச் செதுக்க வேண்டிய நொடியில் கணினியிடம் அனுப்பிவைக்கிறது.

மேக்ரோக்கள் நன்றாகவே அமைக்கப்பட்டிருக்கின்றன. எந்தக் குமிழைத் திருப்பினாலும் காதுக்கு இதமான ஏதோ ஒன்று நடக்கும். அந்த அசைவை அப்படியே பேட்டர்னில் பதிந்துகொள்ளவும் முடியும். தொடக்கக்காரருக்கு இது வரம். ஆனால் எப்படித் திருப்பினாலும் நன்றாக ஒலிக்கும் குமிழ், எதைத் திருப்பினோம் என்பதைக் கற்றுத்தராது. ஃபில்டர் என்ன செய்கிறது, என்வலப் என்ன செய்கிறது என்று தெரியாமலே ஒருவர் ஆண்டுக்கணக்கில் இந்தப் பெட்டியோடு இருந்துவிட முடியும். அதன் விளைவைக் கேட்கவும் முடிகிறது: இந்தக் கருவியில் செய்யப்பட்ட பதிவுகள் பலவற்றில் ஒரே தொழிற்சாலை ஒலிகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

வரலாற்றை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். ரோலண்டு 1981இல் டிபி-303 என்ற சிறிய பாஸ் பெட்டியை வெளியிட்டது. தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார் கலைஞருக்குப் பாஸ் வாசித்துத் துணை நிற்பதற்கென்று செய்யப்பட்ட கருவி. உண்மையான பாஸ் கிட்டார் போல அது ஒலிக்கவில்லை, 1984இல் நிறுத்தப்பட்டது, பழைய பொருள் கடைகளுக்கு மலிவு விலையில் வந்து சேர்ந்தது. சிகாகோவின் ஃபியூச்சர் குழுவினர் அப்படி ஒன்றை எடுத்து, பேட்டர்ன் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபில்டரின் கட்ஆஃப், ரெசொனன்ஸ் குமிழ்களைத் திருகித் திருகி ஒரு பதிவு செய்தார்கள். 1987இல் வெளிவந்த அந்த "ஆசிட் டிராக்ஸ்" ஒரு இசை வகைக்கே பெயர் கொடுத்தது.

அதற்கும் ஐந்து ஆண்டுகள் முன்னதாக, 1982இல், பம்பாயில் சரண்ஜித் சிங் அதே டிபி-303ஐயும் டிஆர்-808ஐயும் ஜூபிட்டர்-8 சிந்தசைசரையும் சேர்த்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துப் பதிவு செய்திருந்தார். இந்தித் திரையிசையில் வாசித்துவந்த கலைஞர் அவர். அந்த இசைத்தட்டு அப்போது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 2010இல் மறுபடி வெளியானபோது உலகம் வியந்து கேட்டது. அதில் தோடியும் உண்டு. டிபி-303இன் ஒவ்வொரு ஸ்டெப்பிலும் அடுத்த சுரத்துக்கு வழுக்கிப் போ என்று சொல்லும் ஒரு வசதி இருந்ததால்தான், ராகத்தின் வளைவில் ஒரு சிறு பகுதியையாவது அந்தப் பெட்டியால் தொட முடிந்தது.

இந்த இரண்டு நிகழ்வுகளிலும் கருவியைச் செய்தவர்கள் நினைத்துப் பார்க்காத ஒன்றைக் கலைஞர்கள் செய்தார்கள். செய்ய முடிந்ததற்குக் காரணம், ஃபில்டரும் சறுக்கலும் நேரடியாகக் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தன. சர்க்கிட் டிராக்ஸில் ஒரு ஃபில்டர் குமிழ் உண்டு. அது முழு ஒலிக்கலவையின்மேல் வேலை செய்வது. ஒவ்வொரு தடத்தின் உள்ளே இருக்கும் ஃபில்டரும் மற்ற உறுப்புகளும் இன்னொருவர் தீர்மானித்த மேக்ரோக்களுக்குப் பின்னால் நிற்கின்றன. திரையை விட்டது சரியான சிக்கனம். ஒலியின் உறுப்புகளைக் கையிலிருந்து எடுத்துக் கணினியில் வைத்தது தவறான சிக்கனம். நான்கைந்து முக்கிய அளவுருக்களையாவது ஒரு ஷிஃப்ட் பொத்தானின் பின்னால், எல்லா ஒலிகளுக்கும் ஒரே இடத்தில் வைத்திருக்கலாம். கூடுதல் உதிரிபாகம் எதுவும் அதற்குத் தேவைப்பட்டிருக்காது.

டிரம் பக்கம் சுருக்கமாக. நான்கு தடங்கள் குறைவு. ஆனால் ஒரு தடத்திலேயே ஸ்டெப்புக்கு ஸ்டெப் சாம்பிளை மாற்றலாம் என்பதால் நான்கை வைத்து எட்டின் வேலையை வாங்க முடிகிறது. தவிலையோ பறையையோ பதிந்து உள்ளே கொண்டுவர விரும்புகிறவர் மறுபடியும் கணினி வழியாகத்தான் வர வேண்டும். பெட்டியே ஒலிப்பதிவு செய்யாது. அதைச் செய்யும் பெட்டியை நோவேஷன் அதே ஆண்டில் சர்க்கிட் ரிதம் என்று தனியாக வெளியிட்டது. அதில் எட்டுச் சாம்பிள் தடங்கள் உண்டு, சிந்தசைசர் கிடையாது. இரண்டையும் வாங்கினால்தான் முழுமை என்றால், மலிவு என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. இது வணிகத்துக்காகச் செய்த பிரிவினை என்பதில் எனக்கு ஐயமில்லை.

தொடங்கியதை முடிப்பதில் இன்னொரு சிக்கல். ஒரு தடத்துக்கு எட்டுப் பேட்டர்ன்கள். ஒவ்வொன்றும் 32 ஸ்டெப். வரிசையாகக் கோத்தால் 256 ஸ்டெப், அதாவது நாலடித் தாளத்தில் பதினாறு சுற்று. இவற்றைப் பதினாறு காட்சிகளாகச் சேமித்து ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடலாம். பழைய சர்க்கிட்டில் இல்லாத வசதி இது. ஒரு பாடலின் உருவத்தைப் பெட்டிக்குள்ளேயே வகுக்க முடிகிறது. ஆனால் பாடலை வெளியே எடுக்கும்போது எல்லா ஒலிகளும் ஒரே ஸ்டீரியோ ஜோடியாகத்தான் வருகின்றன. யுஎஸ்பி வழியே மிடி போகும், ஒலி போகாது. கிக்கைத் தனியாக, பாஸைத் தனியாகக் கணினியில் பதிந்து கலவை செய்ய விரும்பினால், ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றத் தடங்களை ஊமையாக்கிவிட்டு ஒவ்வொன்றாக முழுப் பாடலையும் ஓடவிட வேண்டும். எட்டு மணிக்குத் தொடங்கிய உற்சாகம் பத்து மணிக்குக் களைத்துப்போவது இந்த வேலையில்தான். இதைக் கொண்டு பாடலை முடிக்கிறவர்களைவிடத் தொடங்குகிறவர்களே அதிகம் என்ற குற்றச்சாட்டைப் பலர் பயனர்களின் சோம்பலாகப் பார்க்கிறார்கள். நான் அதைக் கருவியின் அமைப்பிலேயே பார்க்கிறேன்.

இணைப்புகளில் தாராளம் காட்டியிருக்கிறார்கள். முழு அளவு மிடி துளைகள் மூன்று, பழைய அனலாக் கருவிகளை இழுத்துக்கொண்டு ஓட ஒரு சிங்க் வெளியீடு, இரண்டு ஒலி உள்ளீடுகள். உள்ளே வரும் ஒலிக்கும் பெட்டியின் ரிவெர்பையும் டிலேயையும் போடலாம். மின்தம்புராவின் ஒலியை இங்கே செருகி ரிவெர்பில் நனைத்து, அதன்மேல் ஒரு தாளக்கட்டை மெதுவாக ஏற்றிப் பாருங்கள். இந்தப் பெட்டியில் எனக்கு மிகப் பிடித்த பயன் அதுதான். வீட்டில் வேறு சிந்தசைசர் இருப்பவருக்கு இரண்டு மிடி தடங்கள் பெரிய சொத்து. அவர்களுக்கு மேக்ரோ பற்றி நான் சொன்ன குறை பாதியாகிவிடுகிறது. ஒலியை அங்கே செதுக்கி, கோப்பதை இங்கே வைத்துக்கொள்ளலாம்.

கைப்பேசியிலேயே இலவசமாக இசை அமைக்கும் செயலிகள் இருக்கும்போது இதற்கு எதற்குப் பணம் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. செயலியில் தடங்கள் அதிகம், ஒலிகள் அதிகம், மைக்கும் கூடவே இருக்கிறது. ஆனால் கண்ணாடித் திரை விரலின் பலத்தை அறியாது. பல கைப்பேசிகளில் தொட்டதற்கும் ஒலி எழுவதற்கும் இடையே காதுக்குத் தெரியும் தாமதம் இருக்கிறது. தாளம் வாசிப்பவருக்கு இந்த இரண்டும் கருவியே இல்லாததற்குச் சமம். சர்க்கிட்டில் கை விழுந்த கணத்தில் ஒலி வருகிறது; கை அறைந்தால் அறைகிறது, தடவினால் தடவுகிறது. 400 டாலரில் நாம் உண்மையில் வாங்குவது அதைத்தான்.

அதைவிடக் குறைந்த விலையிலும் நல்ல கருவிகள் உண்டு. கோர்க் நிறுவனம் 2013இல் தொடங்கிய வோல்கா வரிசை ஒன்றுக்கு 150 டாலரை ஒட்டியது. டீனேஜ் எஞ்சினியரிங் 2015இல் கொண்டுவந்த பாக்கெட் ஆபரேட்டர்கள் வெளிவந்தபோது 59 டாலர். மேலுறைகூடக் கிடையாது, வெறும் சுற்றுப்பலகையும் அதன் தலையில் ஒரு சின்னத் திரையும்தான். வோல்கா ஒலியில் கைவைக்க அனுமதிக்கிறது. வோல்கா கீஸ் அல்லது வோல்கா பாஸின் ஒவ்வொரு குமிழும் ஒரே வேலையை மட்டும் செய்யும். சிந்தசைசரைக் கற்கவேண்டும் என்று வருகிற மாணவரிடம் முதலில் வோல்காவை வாங்கச் சொல்வேன். ஆனால் அதில் ஒரு முழுப் பாட்டுக்கான பாகங்கள் சேராது. மேலே போனால் 2020இல் வந்த அக்காயின் எம்பிசி ஒன் வெளிவந்தபோது 700 டாலர். தொடுதிரை, சாம்பிள் பதிவு, முழுப் பாடலையும் முடிக்கும் வசதி எல்லாம் உண்டு. அது ஏறக்குறையக் கணினி. கணினியின் வலிமையோடு அதன் சுமையும் சேர்ந்தே வரும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே, உட்கார்ந்தவுடன் இசை தொடங்கும் கருவி என்று பார்த்தால் சர்க்கிட் டிராக்ஸுக்கு இணையாக நான் எதையும் காணவில்லை.

அதன் அண்ணனைத் தவிர. 2015இன் முதல் சர்க்கிட்டில் ஒரு சிறிய ஸ்பீக்கர் உள்ளேயே இருந்தது. ஆறு ஏஏ பேட்டரியில் ஓடியது. டிராக்ஸில் ஸ்பீக்கரை எடுத்துவிட்டார்கள். பேட்டரி உள்ளே பொதிக்கப்பட்டு, யுஎஸ்பியில் சார்ஜ் ஏறுகிறது. நான்கு மணி நேரம்வரை நிற்கும். புதிதாக இருக்கும்வரை இது வசதி. இத்தகைய பேட்டரிகள் ஆண்டுகள் போகப் போக வலுவிழக்கும். ஏஏ பேட்டரி எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். ஸ்பீக்கரின் ஒலி மெலிந்ததுதான், பாஸ் கேட்கவே கேட்காது. ஆனாலும் ஹெட்ஃபோனையோ வயரையோ தேடாமல், திண்ணையில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு தடம் வாசிக்க அது இடம் கொடுத்தது. பள்ளியிலோ சிறுவர் முகாமிலோ பயன்படுத்த எண்ணுகிறவர்கள் டிராக்ஸை விட்டுவிட்டு, பழைய சர்க்கிட்டைக் கைமாற்றுச் சந்தையில் தேடலாம் என்பதே என் பரிந்துரை. அதில் காட்சிகள் இல்லை, மிடி துளைகள் சிறியவை, சாம்பிள் நினைவகம் மொத்தமே 60 நொடி. சிறுவர்கள் இவற்றில் எதையும் கேட்கப்போவதில்லை. வாங்கும்போது 32 பேட்களையும் ஒவ்வொன்றாக மெதுவாகவும் பலமாகவும் தட்டிப் பார்த்து வாங்குங்கள்.